டீசல் மூடியில் சந்தனம்

உடையப்பனின் குட்டி மண்வாரி மிஷின் வேலை நடுவே செத்துச் செத்து விழுகிறது என்ற செய்தி வந்தபோது, சத்தியசீலன் ஒரு புல் வெட்டும் மிஷினின் பெட்ரோல் குழாயை வாயால் உறிஞ்சிக்கொண்டிருந்தான். வாயை எடுக்காமலேயே சிரிக்க முயன்றதில் ஒரு மடக்கு பெட்ரோல் உள்ளே போய்விட்டது. அவனுடைய பழிவாங்கும் படலம் இருமலோடுதான் தொடங்கியது.

செய்தி சொன்னவர் புல் மிஷினின் சொந்தக்காரர், கோல சிலாங்கூரில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் ஜெய்னுலாப்தீன் பாய்.

“நேத்து ரெண்டு தடவ நின்னுச்சாம். புது ஃபில்டர் போட்டாங்களாம். இன்னிக்கும் நின்னுருச்சு லா. வாய்க்கா பாதியில கெடக்கு.”

“அடப் பாவமே” என்றான் சீலன். முகத்தில் பாவம் ஒன்றும் இல்லை.

“நீ போய்ப் பாக்கலாம்ல?”

“நானா? டீசல் திருடன டீசல் மிஷின் பக்கம் விடுவாங்களா பாய்?”

பாய் உடனே வானத்தைப் பார்த்து மழையைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். சீலனுக்கு அந்தப் பட்டம் கிடைத்த இடமே அவருடைய கடைதான்.

மூன்று தீபாவளிக்கு முந்தைய சங்கதி அது. அப்போது சீலன் உடையப்பனிடம் மெக்கானிக். செம்பனைத் தோட்டங்களில் வாய்க்கால் வெட்டிக் கொடுப்பது உடையப்பனின் தொழில். ஸ்டோரில் பீப்பாயில் வைத்திருந்த டீசல் குறைய ஆரம்பித்தது. ஒரு நாள் மத்தியானம், பாய் கடையில் உட்கார இடம் இல்லாத நேரம், மீன் தலைக் கறியில் கை வைத்திருந்த சீலனின் எதிரில் உடையப்பன் வந்து நின்றார்.

“என் டீசலக் குடிச்சுக் குடிச்சுத்தாண்டா உனக்கு இந்தத் தொப்ப!”

கடையே சிரித்தது. அவர் வெறுமனே திட்டியிருந்தால் ஒரு வாரத்தில் ஊர் மறந்திருக்கும். சிரிப்பு வந்துவிட்டதே! சாயங்காலத்துக்குள் அவன் டீசல் சீலன் ஆகிவிட்டான். எந்தத் தோட்டத்திலும் அவனை ஸ்டோர் பக்கம் அண்டவிடவில்லை. மோட்டார் சைக்கிளுக்கு எண்ணெய் போடப் போனால், பெட்ரோல் பம்பில் நிற்கிறவன், “அண்ணே, இங்கயே குடிக்கிறீங்களா, பொங்கோஸ் கட்டிக் குடுக்கட்டா?” என்று கேட்டான். கோயிலில் விளக்குக்கு எண்ணெய் ஊற்றப் போன அவன் மனைவி நித்தியாவிடம், “இது எங்க எடுத்த எண்ணெய்ம்மா?” என்று எவளோ கேட்டுவிட, அவள் ஒரு வருடம் அந்தக் கோயில் வாசலை மிதிக்கவில்லை.

கொஞ்ச நாள் கழித்து அந்தப் பீப்பாயைப் புரட்டியபோது அடியில் துருவேறி ஓட்டை விழுந்திருந்தது. டீசல் மொத்தமும் மணலுக்குள் இறங்கியிருந்தது. புரட்டியவர் உடையப்பனின் மண்வாரி ஓட்டுநர் சன்னாசி. பக்கத்தில் நின்று பார்த்தவர் உடையப்பன். அவர் பீப்பாயை அன்றே பழைய இரும்புக்குப் போட்டார். சொன்ன சொல்லை மட்டும் அப்படியே விட்டுவைத்தார். சன்னாசி இதைச் சீலனிடம் காதோடு சொல்லி, “நான் சொன்னேன்னு வெளிய மூச்சு விட்றாத தம்பி, என் பொழப்பு போயிரும்” என்று கையைப் பிடித்துக்கொண்டார். சீலனும் மூச்சு விடவில்லை.

அன்றிலிருந்து பழிவாங்குவதைத் தவிர அவன் வேறு எதையும் உருப்படியாக யோசித்ததில்லை. யோசித்ததாவது உருப்படியாக இருந்ததா என்றால் அதுவும் இல்லை. உடையப்பனின் மண்வாரி டயரையெல்லாம் கிழித்துவிடுவது என்று ஒரு வாரம் திட்டம் போட்டான். மண்வாரிக்கு டயரே கிடையாது, சங்கிலிப் பட்டைதான் என்பது பிறகுதான் உறைத்தது. இத்தனைக்கும் அவன் மெக்கானிக்.

இப்போது தெய்வமே வந்து வேலையைக் கையில் எடுத்துக்கொண்டிருந்தது. சீலன் தினமும் காலை பசியாறிவிட்டு, பிளாஸ்டிக் பையில் கட்டிய தே தாரிக் தேநீரை மோட்டார் சைக்கிளில் தொங்கவிட்டுக்கொண்டு தோட்டத்துக்குப் போனான். வாய்க்காலின் இந்தக் கரையில் வண்டியை நிறுத்தி, அந்தக் கரையில் மண்வாரி சாவதை உறிஞ்சி உறிஞ்சிப் பார்த்தான். அது நன்றாகத்தான் கிளம்பும். அரை மணி நேரம் போல மண்ணை அள்ளும். அப்புறம் சத்தம் மெலியும், ஏறும், இறங்கும், வாளியைத் தூக்கிய கையோடு நின்றுவிடும். உடையப்பன் தொப்பியைக் கழற்றித் தரையில் அடிப்பார். கொஞ்ச நேரம் சும்மா விட்டால் ஒன்றுமே நடக்காததுபோல் மறுபடி கிளம்பும்.

கிள்ளானிலிருந்து ஆள் வந்தது. டீசல் ஏற்றிக் கொடுக்கும் சின்ன பம்பை மாற்றியது. இன்ஜெக்டர்களைக் கழற்றி அனுப்பி, கழுவி வாங்கி மாட்டியது. ஒவ்வொரு தடவையும் மிஷின் ஓடியது. எல்லோரும் கை குலுக்கிக்கொண்டார்கள். ஆள் லோரி ஏறிப் போனதும் செத்தது. நாடகம் இவ்வளவு நன்றாக இருக்கும் என்று தெரிந்திருந்தால் நித்தியாவையும் கூட்டி வந்திருப்பான்.

ஒரு நாள் உடையப்பன் சாமான் வாங்கப் போயிருந்த நேரம், மண்வாரி நிழலில் உட்கார்ந்திருந்த சன்னாசி அக்கரையிலிருந்து கையை ஆட்டினார்.

“தம்பி! சும்மா பாத்துக்கிட்டே இருக்கியே, வந்து என்னான்னு பாரேன்! மொதலாளி எரிச்சல எல்லாம் எம்மேலதான் காட்டுறாரு.”

போகக் கூடாது என்று நினைத்துக்கொண்டே சீலன் போனான். நோயாளி மிஷினைக் கண்டால் அவன் கை சும்மா இருக்காது. மூளை சொல்வதைக் கேட்கிற கை இல்லை அது. தண்ணீர் பிரிக்கும் கிண்ணத்தைப் பார்த்தான், சுத்தமாக இருந்தது. குழாயைத் தடவிக்கொண்டே போனான். எங்கும் மடிப்பில்லை, கசிவில்லை. ஃபில்டர் புதுசு. கடைசியில் சன்னாசியிடம் சாவியை வாங்கி டீசல் தொட்டியின் மூடியைத் திருகினான்.

ஸ்ஸ்ஸ் என்று தொட்டி காற்றை உள்ளே இழுத்தது. தண்ணீரில் முங்கிக் கிடந்தவன் தலையை வெளியே நீட்டி இழுக்கிற மூச்சு அது. உள்ளே ஒட்டிப்போயிருந்த பிளாஸ்டிக் தொட்டி டப்பென்று உப்பிப் பழைய வடிவத்துக்கு வந்தது.

சீலன் மூடியைத் திருப்பிப் பார்த்தான். மேலே நடுவில் காய்ந்துபோன சந்தனம், அதன்மேல் குங்குமம், காசளவு. அந்த மூடியில் காற்றுப் போக ஊசி முனை அளவுக்கு ஒரு துளை உண்டு. டீசல் வெளியே போகப் போக, காற்று அந்தத் துளை வழியாக உள்ளே வர வேண்டும். வராவிட்டால் தொட்டி டீசலைப் பிடித்து வைத்துக்கொள்ளும், எவ்வளவு நல்ல பம்பு இழுத்தாலும் விடாது. மெக்கானிக்குகள் வேலை பார்க்கும்போதெல்லாம் மூடி திறந்தே கிடந்தது, அதனால் மிஷின் ஓடியது. பூட்டிவிட்டுப் போனதும் அதற்கு மூச்சு முட்டியது. அவ்வளவுதான் நோய்.

ஆயுத பூசைக்கு வைத்த பொட்டு. உடையப்பன் தன் மிஷின்களுக்குப் பொட்டு வைக்க வேறு யாரையும் விடமாட்டார். பன்னீரில் குழைத்த சந்தனத்தை அள்ளி, வாளிக்கு, கைக்கு, சாவிக்கு, ‘இதுதானே மிஷினுக்கு வாயி’ என்று சொல்லி டீசல் மூடிக்கும், தன் கட்டைவிரலால் அழுத்தி வைப்பார். அந்தப் பெருவிரலின் ரேகைகூடக் காய்ந்த சந்தனத்தில் தெரிந்தது.

ஒரு ஊக்கு போதும். ஒரு ஊது போதும்.

சீலன் மூடியைப் போட்டு இறுக்கித் திருகினான். தேவைக்கு அதிகமாகவே இறுக்கினான்.

“தெரியலயே அண்ணே” என்றான் கையைத் துடைத்தபடி. “பெரிய பம்பா இருக்கலாம். கழட்டி அனுப்பிப் பாத்தாத்தான் தெரியும்.”

பெரிய பம்புதான் இருப்பதிலேயே விலை கூடிய சாமான். அந்த யோசனையை அவன் எங்கிருந்து எடுத்தான் என்று அவனுக்கே ஆச்சரியம். வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் பாட்டு. நித்தியாவிடம் சொன்னபோது அவளும் சிரித்தாள், கண்ணில் தண்ணீர் வரும்வரை.

“அவர் கையாலேயே அடச்சுக்கிட்டாரா? நல்லா வேணும். நீங்க வாயத் தெறக்காதீங்க.”

“தெறப்பேனா?”

அந்த வாரம் அவர்கள் வீட்டில் தீபாவளி முன்கூட்டியே வந்துவிட்டது.

பெரிய பம்பு போய்த் திரும்பி வந்தது. மாட்டினார்கள். ஓடியது. செத்தது. மறுநாள் மத்தியானம் சீலன் பாய் கடையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். இரண்டு மேசை தள்ளிச் சன்னாசி தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். உடையப்பன் உள்ளே வந்து சன்னாசியின் முன்னால் நின்றார்.

“எல்லாத்தையும் மாத்தியாச்சு. அப்ப மிஷின்ல கோளாறு இல்ல. ஊத்துற டீசல்லதான் கோளாறு. நல்ல டீசல வித்துப்புட்டு எதக் கலந்து ஊத்துற சன்னாசி? தண்ணியா? இல்ல, நீ சாயங்காலம் அடிக்கிற சம்சுச் சாராயமா?”

கடை சிரித்தது.

சீலனும் சிரித்தான். பழக்கதோஷம், உடையப்பன் நன்றாகத்தான் சொன்னார். சிரிப்பு பாதி வந்த பிறகுதான், தன் பல் வெளியே தெரிவது அவனுக்குத் தெரிந்தது. வாயை மூடினான். சோறு உள்ளே போகவும் இல்லை, வெளியே வரவும் இல்லை.

சன்னாசி சட்டைப் பையிலிருந்து மிஷின் சாவியை எடுத்து மேசைமேல் வைத்துவிட்டு, குனிந்த தலையோடு வெளியே போனார். பின்னால் எவனோ, “டீசல் சீலன் பட்டத்த எறக்கியாச்சு, இனிமே டீசல் சன்னாசி!” என்றான். சீலன் இத்தனை நாளாய்த் தொலைக்க நினைத்த பட்டம் அது. இப்படித் தொலையும் என்று அவன் நினைக்கவில்லை.

சாயங்காலம் சன்னாசியின் மனைவி தாயம்மா வந்து நித்தியாவிடம் அழுதுவிட்டுப் போனாள். மனுஷன் வந்து சுவரைப் பார்த்துப் படுத்தவர் எழுந்திருக்கவில்லையாம். அவள் போனதும் நித்தியா சமையற்கட்டிலிருந்து வந்து இடுப்பில் கை வைத்து நின்றாள்.

“இப்பவே போய்ச் சொல்லுங்க.”

“சொல்லுறேன். கூட்டம் சேரட்டும்.”

“கூட்டம் எதுக்கு? மனுஷன் அங்க சாகக் கெடக்காரு!”

“உடையப்பன் தனியா இருக்கையில சொன்னா, மூடியத் தொடச்சுட்டு அவரு பாட்டுக்குப் போயிருவாரு. பீப்பாய்க்குச் செஞ்ச மாதிரியே. ஊரு பாக்கணும் நித்தியா. சன்னாசி அண்ணனுக்காகத்தான் சொல்றேன்.”

“உங்க மூஞ்சி அப்படிச் சொல்லல” என்றாள் அவள்.

அவன் முகம் எப்போதும் இப்படித்தான், கூட இருந்தே குழி பறிக்கும். ஆனாலும் அவன் பாயிடம் சொல்லி அனுப்பினான்: நாளைக் காலை வாய்க்கால் ஓரத்தில் டீசல் சீலன் டீசல் திருடனைப் பிடித்துக் கொடுக்கப்போகிறான், பார்க்கிறவர்கள் வரலாம்.

காலையில் பாதிக் கடையே தோட்டத்தில் இருந்தது. பாய் வந்திருந்தார். வாய்க்கால் குத்தகையை வேறு ஆளுக்கு மாற்றும் யோசனையோடு, தோட்டத்து அலுவலகத்தில் கணக்குப் பார்க்கும் கிராணி நடராஜா வந்திருந்தார். நித்தியா தாயம்மாவையும் சன்னாசியையும் ஏறக்குறைய இழுத்துக்கொண்டு வந்திருந்தாள். உடையப்பன் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

“எங்கடா திருடன்? கண்ணாடியில பாத்துட்டு வந்துட்டியா?”

“இருக்காரு முதலாளி. மிஷின ஸ்டார்ட் பண்ணச் சொல்லுங்க. சன்னாசி அண்ணே, ஏறுங்க.”

உடையப்பன் சாவியைச் சன்னாசியிடம் தூக்கிப் போட்டார். மிஷின் கிளம்பியது. மண்ணை அள்ளியது. அள்ளிக்கொண்டே இருந்தது. அருமையாக ஓடியது, தோட்டத்திலேயே அவ்வளவு ஆரோக்கியமான மிஷின் இல்லை என்பதுபோல் ஓடியது. வெயில் ஏறியது. கூட்டம் நெளிந்தது. “அடுப்புல மீன் கறி கெடக்கு சீலா” என்றார் பாய். உடையப்பன் சிரிக்கத் தொடங்கினார். சீலன் அக்குளில் வியர்வை ஓட, காய்ந்த சந்தனம் இரவு மழையில் கரைந்திருக்குமோ என்று பயந்து, குலதெய்வத்திடம் ஒரு மிஷினைச் சாகடித்துத் தரும்படி வேண்டிக்கொண்டிருந்தான். அவன் பரம்பரையில் அப்படி ஒரு வேண்டுதலை யாரும் வைத்திருக்கமாட்டார்கள்.

சத்தம் மெலிந்தது. ஏறியது, இறங்கியது. நின்றது.

“யாரும் கிட்டப் போக வேணாம்” என்றான் சீலன். குரல் தன்னால் உயர்ந்தது. “முதலாளி, உங்க கையாலேயே டீசல் மூடியத் தெறங்க.”

உடையப்பன் முணுமுணுத்துக்கொண்டே சாவியை வாங்கித் திறந்தார். ஸ்ஸ்ஸ்! எல்லோருக்கும் கேட்டது. தொட்டி டப்பென்று உப்பியதில் அவர் ஓரடி பின்னால் நகர்ந்தார்.

“காத்து உள்ள போக வழி இல்லாம செத்திருக்கு. அந்த மூடியில ஒரு ஓட்ட இருக்கும். இப்ப இருக்கா பாருங்க.”

உடையப்பன் மூடியைக் கண்ணருகே கொண்டுபோனார். அவருடைய கை கொஞ்சம் தாழ்ந்தது.

“ஆயுத பூசைக்கு அதுல பொட்டு வெச்சது யாரு முதலாளி?”

உடையப்பன் மூடியை முதுகுக்குப் பின்னால் மறைத்தார்.

“ஊருக்கே தெரியும், நீங்க வேற யாரையும் விடமாட்டீங்க. சந்தேகம்னா உங்க கட்ட வெரல அதுமேல வெச்சுப் பாருங்க, சரியாப் பொருந்தும்.”

முதலில் சிரித்தது கிராணி நடராஜா. பிறகு அத்தனை பேரும். தாயம்மா மட்டும் சிரிக்கவில்லை. அவள் காறித் துப்பினாள். நித்தியா தாலிக்கொடியிலிருந்து ஊக்கைக் கழற்றி நீட்டினாள். உடையப்பனே குத்தி, உடையப்பனே ஊதினார். மிஷின் கிளம்பியது, பிறகு நிற்கவே இல்லை.

“சரி சன்னாசி, நாளைக்கு வேலைக்கு வந்துரு” என்றார் உடையப்பன் தரையைப் பார்த்து. “முடிஞ்சுது போங்க.”

“எங்க முடிஞ்சுது?” சீலன் வழியை மறித்து நின்றான். இந்த நாளுக்காக அவன் கண்ணாடி முன்னால் எத்தனை முறை நின்று பேசிப் பார்த்திருக்கிறான்! “பேசினது பாய் கடையில. அங்க வந்து திரும்ப எடுங்க. சாப்பாட்டு நேரத்துல.”

“எடுக்கலேன்னா?”

கிராணி மூக்குக் கண்ணாடியைத் துடைத்தபடி, “குத்தகைய யாருக்குக் குடுக்குறதுன்னு நானும் சாப்பிட்டுட்டு யோசிக்கலாம்னு இருக்கேன்” என்றார்.

மத்தியானம் கடையில் நிற்கக்கூட இடமில்லை. உடையப்பன் நடுவில் நின்று ஏதோ சொன்னார். மேலே விசிறி கடகடத்தது, தொலைக்காட்சியில் பந்து ஆட்டம், பின்கட்டில் மசாலா அரைக்கும் மிஷின்.

“கேக்கல” என்றான் சீலன். “பாய், எல்லாத்தையும் அடைங்க. விசிறியையும்.”

பாய் ஒவ்வொன்றாக நிறுத்தினார். கடை அப்படி அமைதியாகி யாரும் பார்த்ததில்லை. கறிச்சட்டியில் எண்ணெய் பொரிவது கேட்டது.

“சன்னாசி டீசல் எடுக்கல” என்றார் உடையப்பன்.

“பலமா.”

“சன்னாசி எடுக்கல!” அவர் கழுத்து நரம்பு புடைத்தது. வியர்வை மூக்கு நுனியில் நின்றது. “சீலனும் எடுக்கல. பீப்பாய்ல ஓட்ட. எனக்கு அப்பவே தெரியும்.”

மூன்று தீபாவளியாகச் சீலன் காத்திருந்த வார்த்தை. அது வந்தால் என்ன செய்வது என்று அவன் யோசித்து வைக்கவில்லை, அதுவரைக்கும்தான் யோசித்திருந்தான். ஆகவே சும்மா நின்று அந்த அமைதியை அனுபவித்தான். வாழ்க்கையில் அவன் பேச்சைக் கேட்டு ஒரு கடை முழுக்க விசிறி இல்லாமல் உட்கார்ந்திருப்பது இதுவே முதல் தடவை.

அந்த அமைதியில்தான் சன்னாசி பேசினார். மெதுவாகத்தான் பேசினார், ஆனால் கடைசி மேசைவரைக்கும் கேட்டது.

“தம்பி, அன்னிக்கு நான் கூப்பிட்டப்ப நீ மூடியத் தெறந்தியே. ஸ்ஸ்ஸுன்னு சத்தம் அன்னிக்கும் வந்துச்சே. அந்தச் சந்தனத்த நீ எப்பப் பாத்த?”

சீலனின் நாக்கு நுனிக்கு ஒரு பதில் வந்தது. ‘பீப்பாய் ஓட்டை உங்களுக்கும்தான் தெரியும், நீங்க எப்பச் சொன்னீங்க?’ நல்ல பதில். கடை முழுக்கச் சிரிக்கும். ஆனால் தாயம்மா கடை வாசலில் நின்றுகொண்டிருந்தாள். பக்கத்தில் நித்தியா, அவனை ஒரு மாதிரியாகப் பார்த்துக்கொண்டு. அவன் அந்தப் பதிலை விழுங்கினான். பெட்ரோலைவிடக் கஷ்டமாக இறங்கியது.

“அன்னிக்கேதான் அண்ணே” என்றான்.

உடையப்பன் தலையைத் தூக்கினார். பாயின் கை விசிறிச் சுவிட்சை நோக்கிப் போனது.

“போடாதீங்க பாய்” என்றார் சன்னாசி. அவர் சாப்பிட்ட கையை இலையில் உதறிவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். “எனக்குக் காது கொஞ்சம் மந்தம் தம்பி. மிஷின் ஓட்டி ஓட்டி வந்தது. பலமாச் சொல்லு.”

சீலன் கடையைப் பார்த்தான். பெட்ரோல் பம்பில் நிற்கிறவன் சோற்றுக் கையோடு காத்திருந்தான். கிராணி காத்திருந்தார். உடையப்பன் யாரையும்விட ஆவலாகக் காத்திருந்தார், கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு.

தொப்பையை உள்ளே இழுத்து, அவன் பலமாகச் சொன்னான்.

“அன்னிக்கே தெரியும்! தெரிஞ்சேதான் இறுக்கி மூடினேன்! பெரிய பம்புன்னு சொன்னதும் பொய்!”

சன்னாசி, “ம்” என்றார். மன்னித்தேன் என்றோ, போடா என்றோ சொல்லவில்லை. எழுந்து கை கழுவினார். உடையப்பனுக்கு முன்னால் உள்ளங்கையை நீட்டினார். உடையப்பன் சாவியை அதில் வைத்தார்.

“வாய்க்கா பாதியில கெடக்கு” என்று சொல்லிவிட்டுச் சன்னாசி வெளியே போனார். போகிற போக்கில் அவரே விசிறியைத் தட்டிவிட்டார்.